ஏப்ரல் வந்தாலே வகுப்பறை சோர்ந்து போவது ஏன்? கடைசி 20 நாட்களை ஆசிரியர்கள் மீட்பது எப்படி?

"போர்ஷன் முடிஞ்சாச்சு, ரிவிஷன் போய்க்கிட்டிருக்கு, பசங்க பாதிப் பேர் வரல." மார்ச் கடைசியில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். வெயில், தேர்வுப் பணி, பதிவேடு வேலை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் காலம் இது. ஜூன் மாதத்தில் இருந்த வேகம் ஏப்ரலில் இருப்பதில்லை. இது ஏன் நடக்கிறது? யாருக்கு இழப்பு? என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

கடைசி நாட்கள் அவ்வளவு முக்கியமா?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்களும், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 220 நாட்களும் பள்ளி நடக்க வேண்டும். 220 நாட்களில் கடைசி 20 நாட்கள் சும்மா போனால், அந்த ஆண்டின் படிப்பில் பதினொன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

இதில் அதிகம் இழப்பது நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள்தான். 8ஆம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கி நிறுத்துவதில்லை என்பது தமிழ்நாட்டின் கொள்கை. பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. ஏப்ரலில் வாசிக்கத் தெரியாத குழந்தை ஜூனில் அதே குறையோடு அடுத்த வகுப்பில் உட்காரும். இடையில் மே மாத விடுமுறை வேறு. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

மார்ச், ஏப்ரலில் ஆசிரியருக்கு என்னென்ன வேலை?

பாடம் நடத்துவது அதில் ஒன்று மட்டும்தான். 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளர் பணி, பறக்கும் படை, அதன்பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். மூத்த ஆசிரியர்கள் முகாமுக்குப் போய்விட்டால் 6, 7ஆம் வகுப்புகளை யார் பார்ப்பது? இருப்பவர்கள் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துச் சமாளிப்பார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மார்ச் 1ஆம் தேதியே புதிய மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்க்க வேண்டும். எமிஸ் தளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும். தேர்தல் வந்தால் பயிற்சி வகுப்பு, வாக்குச்சாவடிப் பணியும் சேர்ந்துகொள்ளும். 2021 சட்டமன்றத் தேர்தலும் 2024 மக்களவைத் தேர்தலும் தமிழ்நாட்டில் ஏப்ரலில்தான் நடந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனால் பள்ளிக்குள்ளேயே குவியும் எழுத்து வேலைக்கு அந்தத் தடை உதவுவதில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் கவலை வேறு மாதிரி. "இத்தனை அட்மிஷன் கொண்டு வாங்க" என்ற நெருக்கடி சில இடங்களில் உண்டு. கோடை மாதச் சம்பளம் வருமா, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கேள்வியோடுதான் பலர் கரும்பலகை முன் நிற்கிறார்கள்.

இது சோம்பலா, சோர்வா?

வேலையில் நீண்ட காலமாகத் தீராமல் இருக்கும் மன அழுத்தத்தால் வரும் சோர்வை, உலக சுகாதார அமைப்பு தனது ஐ.சி.டி-11 வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. இதை நோய் என்று அது சொல்லவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றே சொல்கிறது. இதற்கு 3 அடையாளங்கள் உண்டு.

ஒன்று, உடலும் மனமும் வற்றிப்போன களைப்பு. இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகி, "என்ன பண்ணி என்ன ஆகப்போகுது" என்ற கசப்பு. மூன்று, தன்னால் எதுவும் சாதிக்க முடியவில்லை என்ற எண்ணம்.

இந்தத் துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், இதைத் தனிமனிதரின் பலவீனமாகப் பார்க்கக் கூடாது என்று வலியுறுத்தி வருபவர். வேலைச் சுமை, தன் வேலையில் தனக்கு இருக்கும் அதிகாரம், கிடைக்கும் மதிப்பு, சக ஊழியர்களின் துணை, நியாயம், கொள்கைப் பிடிப்பு ஆகிய ஆறும் கெடும் இடத்தில்தான் இந்தச் சோர்வு முளைக்கிறது என்பது அவரும் மைக்கேல் லைட்டரும் முன்வைத்த கருத்து. அதனால் "பாசிட்டிவா இருங்க சார்" என்ற அறிவுரை மட்டும் இதற்கு மருந்தாகாது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

* இலக்கைச் சுருக்குங்கள்: மிச்சம் இருக்கும் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் எதுவும் முடியாது. அடுத்த வகுப்புக்குக் கட்டாயம் தேவைப்படும் 3 விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 5ஆம் வகுப்பு என்றால் சரளமாக வாசிப்பது, வகுத்தல் கணக்கு, சொந்தமாக ஐந்து வரி எழுதுவது. தினமும் 15 நிமிடம், திணறும் பிள்ளைகளோடு மட்டும்.

* வழக்கத்தை விடாதீர்கள்: வருகைப்பதிவு, முதல் ஐந்து நிமிடக் கேள்வி, வீட்டுப்பாடம் பார்ப்பது எல்லாம் கடைசி நாள் வரை நடக்கட்டும். "இனிமே ஒண்ணும் இல்லடா" என்று ஆசிரியர் விட்டுவிட்டதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தமும் சண்டையும் அங்கிருந்துதான் தொடங்கும். அதை அடக்குவதில் இன்னும் களைப்பு கூடும்.

* வெயிலோடு மோதாதீர்கள்: கடினமான பாடம் முதல் இரண்டு பீரியடில் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு, விடுகதை, நாடகம், ஓவியம் என்று வைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' சிறார் இதழ்களின் பழைய பிரதிகள் அலமாரியில் இருந்தால் எடுத்துக் கொடுக்க இதுதான் நேரம்.

* ஜூன் நோட்டையும் ஏப்ரல் நோட்டையும் பக்கத்தில் வையுங்கள்: "ஒண்ணுமே நடக்கல" என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. கோணல்மாணலாக எழுதிய கை இப்போது நேராக எழுதுவது கண்ணுக்குத் தெரியும். பிள்ளையிடமும் காட்டுங்கள். அவர்களுக்கும் அது தெரியாது.

* ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள்: பாடம் பற்றி இல்லாமல் இரண்டு நிமிடம் பேசுங்கள். 40 பேர் கொண்ட வகுப்பை 20 நாளில் முடித்துவிடலாம். அமைதியாகக் கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளையின் வீட்டு நிலைமை பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வரும்.

* எழுத்து வேலைக்கு நேரம் குறியுங்கள்: எமிஸ் பதிவுக்கு ஒரு குறிப்பிட்ட அரை மணி நேரம் ஒதுக்கினால், நாள் முழுக்க கையில் செல்போன் இருக்க வேண்டியதில்லை. கணினி தெரிந்த ஒருவர் பதிவேற்ற, மற்றவர் அவரது வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உதவும்.

5, 8, 10ஆம் வகுப்புகளில் கூடுதல் கவனம் ஏன்?

பள்ளி மாறும் இடம்தான் பிள்ளைகள் காணாமல் போகும் இடம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை அடுத்த பள்ளியில் சேர்ந்ததா என்று யாரும் கேட்காவிட்டால், அது கடைக்கோ, பட்டறைக்கோ வேலைக்குப் போயிருக்கலாம். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் வரலாம். "ஜூன்ல எந்த ஸ்கூல்?" என்ற கேள்வியை ஏப்ரலிலேயே கேட்டு, பதில் தடுமாறினால் பெற்றோரை அழைத்துப் பேசுவது பல நேரம் போதும். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

முடிவு நன்றாக இருந்தால் என்ன லாபம்?

உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை இது. ஒரு முறை 60 விநாடி கடும் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீரைச் சற்றே சூடாக்கி மேலும் 30 விநாடி வைக்கச் சொன்னார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு அனுபவத்தின் முடிவு, அதைப் பற்றிய நினைவை மாற்றிவிடுகிறது. பள்ளியைப் பற்றிய சோதனை இல்லை என்றாலும், கடைசி வாரத்தில் திட்டு வாங்கிப் போகும் பிள்ளையையும், பாராட்டு வாங்கிப் போகும் பிள்ளையையும் நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

தலைமை ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

முகாம் பணி, சேர்க்கைப் பணி, பதிவேற்றம் மூன்றும் ஒரே ஆள் தலையில் விழாமல் பிரித்துக் கொடுக்கலாம். தேவையில்லாத கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு கேட்டு வாங்கலாம். யாருக்கு வாசிப்பு வரவில்லை, யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, யார் வீட்டில் பிரச்சனை என்ற விவரம் அதில் இருந்தால், ஜூனில் புதிதாக வரும் ஆசிரியருக்குப் பல வாரத் தேடல் மிச்சம்.

சோர்வு எல்லை மீறினால்?

தூக்கம் வராமல் இருப்பது, பள்ளிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது, சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, அழுகை அடக்க முடியாமல் வருவது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விடுமுறை வந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.