படத்தைக் கையில் எடுத்துச் சொன்னவர்கள்

எங்கள் கலியாணவீடுகளில் இப்போது புதிய முகங்கள் கமராவுடன் நிற்கின்றன. சிட்னியின் வென்ற்வேர்த்வில், மெல்பேர்ணின் டண்டினோங் என்று எங்கு போனாலும், வாரநாளில் அலுவலகத்திலும் வார இறுதியில் மணவறைக்கு முன்னாலும் நிற்கும் ஒரு தம்பியையோ தங்கையையோ காணலாம். அவர்கள் தங்கள் முதல் அல்பத்தைக் காட்டும்போது நாங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்: "நல்லாயிருக்கு." சொல்பவரிடம் கபடம் இல்லை; ஆனால் கேட்பவருக்கு அதனால் பயனும் இல்லை. தலைப்பாகையின் நிழல் மாப்பிள்ளையின் கண்ணில் விழுந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால்தான், அடுத்த கலியாணத்தில் அவர் ஓரடி தள்ளி நிற்பார்.

ஒளிப்படத் தொழில் கைமாறி வந்த கதையைப் பார்த்தால், தீர்ப்பு வேறு, திருத்தம் வேறு என்பது தெரியும். தீர்ப்பு படத்துக்கு மதிப்பெண் இடுகிறது. திருத்தம் அடுத்த படத்துக்கு வழி சொல்கிறது.

சென்னையில் 1855இல் நடந்த பெரிய கண்காட்சியில், லினேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி கோயில்களைப் பிடித்த அறுபத்தெட்டு படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றைச் சிறந்த வரிசையாகத் தேர்ந்தது. அடுத்த ஆண்டே அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரானார். இன்று நாம் வியக்கும் மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள் அப்பதவியில் இருந்தபோது எடுக்கப்பட்டவை. டிரைப்புக்குக் கிடைத்தது தீர்ப்பு. அவருடைய உதவியாளர் ஐயாசாமிக்கு வாய்த்தது வேறு. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியில் பயின்றவர் அவர். ஒருவர் பக்கத்தில் நின்று, அவர் தாளில் உப்பும் வெள்ளியும் பூசுவதைப் பார்த்து, தன் கையால் செய்து, பிழைத்ததை மறுபடி செய்வதே உதவியாளனின் படிப்பு. பதக்கம் பெற்றவரின் பெயர் நூல்களின் அட்டையில் நிற்கிறது. பக்கத்தில் நின்று கற்றவரின் பெயரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

பின்னாளில் தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களும் இந்த வழியிலேயே ஆள் வளர்த்தன. பொதுவாக வேலைக்கு வந்த பையன் முதலில் இருட்டறையில் படம் கழுவினான். பிறகு நெகற்றிவில் பென்சிலால் தழும்பும் சுருக்கமும் மறைக்கும் மேசைக்கு வந்தான். கடைசியில்தான் கமராவைத் தொட்டான். மற்றவர் எடுத்த நூற்றுக்கணக்கான முகங்களைத் திருத்திய பிறகு, வெளிச்சம் எங்கே பிழைக்கும் என்பது அவன் கண்ணுக்குத் தானாகவே தெரிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன், 1880க்கும் 1980க்கும் இடைப்பட்ட இத்தகைய ஸ்ரூடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறார்கள். பெயர் தெரியாத பல கைகளின் பயிற்சி அவற்றில் இருக்கிறது.

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டிலும் அப்படியொரு மரபு இருக்கிறது. மெல்பேர்ணின் தொழிலாளர் கல்லூரியில், இன்றைய ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில், 1887 முதல் ஒளிப்படம் கற்பிக்கப்படுகிறது. மெல்பேர்ண் கமரா கழகம் 1891இல் தொடங்கியது. சிட்னியில் 1916 நவம்பர் 28 அன்று, பிலிப் தெருவின் சிறு ஸ்ரூடியோ ஒன்றில் ஆறு பேர் கூடி சிட்னி கமரா வட்டத்தை அமைத்தார்கள். ஹரல்ட் கஸ்னோ, செசில் பொஸ்ரொக் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். கஸ்னோவும் உருவப்பட ஸ்ரூடியோவின் திருத்தும் மேசையிலிருந்தே எழுந்து வந்தவர். அந்த வட்டத்தார் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். எதை வைத்து அளப்பது என்பதையும் முதல் நாளிலேயே முடிவு செய்துகொண்டார்கள்: மங்கிய ஐரோப்பிய நிழலில் அல்ல, தங்கள் நாட்டைத் தங்கள் வெயிலிலேயே காட்டுவது.

பொஸ்ரொக்கிடம் 1930இல் ஓர் இளைஞன் தொழில் பழகப் போனான். மூன்று ஆண்டுகள் அந்தக் கண்டிப்பான கைவினைஞரிடம் இருந்துவிட்டு, 1934இல் சொந்த ஸ்ரூடியோ திறந்தான். மணலில் படுத்துக் கிடக்கும் மனிதனின் படத்தால் பின்னாளில் உலகறிந்த மக்ஸ் டுபெய்ன்தான் அவன். 1938இல் சிட்னியில் பெரிய ஒளிப்படக் கண்காட்சி நடந்தபோது, அதன் பழமையைச் சாடிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. தனக்குக் கைப்பழக்கம் தந்த தலைமுறையின் அளவுகோலையே அவர் கேள்வி கேட்டார். அந்தக் கண்டிப்பைத் தாண்டி வந்ததால், எதை மறுக்கிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

மெல்பேர்ணின் அதோல் ஷ்மித் கலியாணங்களும் உருவப்படங்களும் எடுத்தே தொழிலில் ஊன்றியவர். பின்னர் கொலின்ஸ் வீதியில் பேர் பெற்றார். 1970களில் பிரஹ்ரான் கல்லூரியின் ஒளிப்படத் துறைக்குத் தலைவரானார். கலியாணப்படம் என்றால் கலை உலகம் உதடு சுழிப்பது அன்றும் உண்டு. ஆயினும் அந்தக் கல்லூரி ஒரு தலைமுறையின் கலைஞர்களை உருவாக்கியபோது, அதன் தலைமையில் இருந்தவர் மணமக்களை நிற்கவைத்துப் படமெடுத்துப் பழகிய ஒருவர்.

இங்கே எங்களுக்குரிய ஒரு கேள்வி எழுகிறது. திருத்துபவரின் கண் எதைச் சரி என்று பழகியிருக்கிறது? வண்ணப்படம் கழுவும் ஆய்வுகூடங்களுக்குக் கொடாக் நிறுவனம் 1950கள் முதல் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய ஒரு பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோல் சேறுபோல் வந்தாலும் அட்டையின்படி அது பிழையில்லை. சொக்லேற், மரத்தளபாட வணிகர்கள் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமைத் திருத்த முனைந்ததாக, அங்கே பணியாற்றியவர்கள் ஆய்வாளர் லோர்னா றொத்திடம் கூறியிருக்கிறார்கள். பல நிறத்தவர் உள்ள அட்டைகள் 1990களில்தான் வந்தன. எங்கள் அம்மாமாரின் பழைய அல்பங்களில் முகம் இருண்டு கூறைச்சேலை மட்டும் மின்னுகிறதென்றால், குற்றம் முழுவதும் படமெடுத்தவருடையது அல்ல.

ஆகவே தொடக்கக்காரருக்கு ஒரு கண் போதாது. வெளிச்சமும் குவியமும் அறிந்த ஒருவரின் கண் வேண்டும். அது கமரா கழகத்தில் கிடைக்கும். ஆனால் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை எந்தப் பக்கத்தால் வரும், தோழி எங்கே குனிவார், கெட்டிமேளம் தொடங்க எத்தனை நொடி முன் இடம் பிடிக்க வேண்டும் என்பது கழகத்தாருக்குத் தெரியாது. அதை ஐயரிடமும், பத்துக் கலியாணம் முன்நின்று நடத்திய ஒரு மாமியிடமும் கேட்க வேண்டும். மணப்பெண்ணின் நிறம் அவருடைய நிறமாகவே வந்திருக்கிறதா என்பதை அந்தப் பெண்ணைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை. முழு அல்பத்தையும் நீட்டி "எப்படி?" என்றால் "நல்லாயிருக்கு" என்பதே விடை. ஒரே ஒரு படத்தைக் கொடுத்து "இதில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேட்டால், பதில் சொல்பவரும் ஒருகணம் பார்த்துவிட்டே பேசுவார்.

இது வெறும் தொழில் நுணுக்கம் அல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, எத்தனையோ அல்பங்கள் அலுமாரிகளிலேயே கிடந்தன. ஒரு பாட்டனையும் பாட்டியையும் இளமையில் காட்டும் ஒரேயொரு கலியாணப்படத்தை நாடு நாடாகப் பிரதி எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. தாலி கட்டுவதை மறுபடி நடத்திப் படமெடுக்க முடியாது. பிழைகளையெல்லாம் அதற்கு முன்பே ஒருவர் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஐயாசாமிக்கும் டுபெய்னுக்கும் பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒருவராக இருக்க, பெரிய கலைஞராக இருக்க வேண்டியதில்லை. படத்தைக் கையில் வாங்கி, கண்ணில் பட்டதைப் பட்டபடி சொன்னால் போதும்.