மாடியில் விதை, வாசலில் கடை

செவ்வாய்க்கிழமை காலையில் கொச்சியின் கலூர்ப் பகுதியில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்தின் பக்கம் போனால் நெரிசலுக்குள் வழி கண்டுபிடித்துத்தான் நடக்க வேண்டும். நவநாளுக்கு வருபவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர். நெற்றியில் சந்தனக்கீற்று வைத்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். கல்யாணம், வீடு, பிள்ளையின் படிப்பு என்று நீளும் வேண்டுதல்களில் ‘தொடங்கிய கடை நிலைக்க வேண்டும்’ என்பதும் ஒன்று.

வியாபாரத்தை அந்தோணியாரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1890 இல் பிரான்சின் தூலோன் நகரில் லூயிஸ் பூஃபியே என்ற பெண்ணுக்குத் தன் கடையின் பூட்டைத் திறக்க முடியவில்லை. பூட்டுக்காரர் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்துவிட்டு, கதவை உடைக்கக் கருவி எடுக்கப் போனார். அந்த இடைவேளையில் அவள் ஏழைகளுக்கு ரொட்டி தருவதாக நேர்ந்துகொண்டாள். திரும்பி வந்தவரிடம் இன்னொரு முறை சாவியைப் போடச் சொன்னாள்; பூட்டு திறந்தது என்கிறார்கள். அந்தோணியார் அப்பம் என்னும் தருமம் பரவ அந்தக் கடையும் ஒரு காரணம். அவள் வேண்டிக்கொண்டாள், ஆனால் பூட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அது.

கலூரில் ஒரே வீட்டில் இரண்டு தொடக்கங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். மாடியில் குரோ பேக் வரிசை, கீழே அடுக்களையில் சிறு தொழில்: இட்லிப்பொடி, ஊறுகாய், சிப்ஸ், மதியச் சாப்பாடு. இந்த இணைப்பு தற்செயலாக வந்ததல்ல. 1998 இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்களின் அயல்கூட்டங்கள் வழியாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவந்திருக்கிறது: வீட்டுக்கு வேண்டிய காய்கறியைப் பயிரிடு, கைத்தொழில் ஒன்றையும் தொடங்கு. இன்று மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் அயல்கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் முதல் தேவை நம்பிக்கைதான். ஆனால் அது ஒரே நம்பிக்கை அல்ல என்பதுதான் என் எண்ணம். தோட்டத்துக்கு வேண்டியதைக் கடையில் வைத்தால் கடை மூழ்கும். கடைக்கு வேண்டியதைத் தோட்டத்தில் வைத்தால் தோட்டம் சலித்துப்போகும்.

முதலில் மாடிக்குப் போவோம். தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் செய்யும் முதல் பிழை ஆடிப்பட்டத்தை நம்பி விதைப்பது. நம் ஊரில் ஆடி என்றால் விதைக்கும் காலம். இங்கே அதே மாதம் கர்க்கடகம். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்திலேயே இறங்கி, ஆடியில் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. பேரண்டூர்க் கால்வாய் ஓரத்துத் தாழ்ந்த பகுதிகளில் பெருமழை நாளில் வாசல்வரை தண்ணீர் வந்து நிற்கும். தோட்டம் மாடிக்கு ஏறியதற்கு இடப்பற்றாக்குறை மட்டும் காரணமில்லை.

மலையாளிகள் கணக்கிடுவது ஞாற்றுவேலையை. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நிற்கும் பதின்மூன்று பதினான்கு நாட்கள் ஒரு ஞாற்றுவேலை, ஆண்டுக்கு 27. ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் மழையும் வெயிலும் மாறிமாறி வரும். மிளகுக்கொடி முதல் செம்பருத்திக் குச்சிவரை எதை நட்டாலும் வேர் பிடிக்கும் என்பது இவ்வூர் அனுபவம்.

மண்ணுக்கும் வேறு சுபாவம். கேரள மண் பெரும்பாலும் புளிப்பு மண். பையில் நிரப்புமுன் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். பிறகுதான் தொழுவுரம், தென்னைநார்க் கழிவு, வேப்பம்புண்ணாக்கு. அந்த இரண்டு வாரம் வெறும் மண்பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. அவசரப்பட்டு அன்றே நட்டவர்கள் நாற்று வெளுத்து நிற்பதைப் பார்க்கிறார்கள்.

கீரை விஷயம் இன்னும் நுட்பமானது. மலையாளிக்குக் கீரை என்றால் சிவப்புத் தண்டுக்கீரை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘அருண்’ ரகம் வீட்டுக்கு வீடு உண்டு. மழையில் அதன் இலையில் வெள்ளைப்புள்ளி விழுந்து, விரைவிலேயே பாத்தி முழுவதும் பரவும். அதற்கு அதே பல்கலைக்கழகம் சொல்லும் தீர்வுகளுள் ஒன்று, நோயைத் தாங்கும் பச்சைக்கீரையான கோ 1 ஐச் சிவப்போடு கலந்து விதைப்பது. கோ 1 நம் கோயம்புத்தூர் ரகம். காய்கறிக்குத் தமிழ்நாட்டின் ஒட்டன்சத்திரம், தேனி லாரிகளை நம்பி உலை வைக்கிற ஊர் இது. அந்தக் காய்கறிகளின் பூச்சிமருந்து எச்சம் பற்றி 2015 இல் இரு மாநிலங்களுக்கும் இடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்த அச்சத்தால் தொடங்கிய மாடித் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் காவல் நிற்பது கோவைக் கீரை என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆக, தோட்டக்காரரின் நம்பிக்கை காலத்தின்மேலும் மண்ணின்மேலும். அது காத்திருக்கும் நம்பிக்கை. கீரை ஒரு மாதம், வெண்டை ஒன்றரை மாதம், கறிவேப்பிலை ஓராண்டுக்கு மேல். நடுவில் எதுவும் தவறினால் போவது ஒரு பாக்கெட் விதை, கொஞ்சம் உழைப்பு, சிறிது மனவருத்தம். விதைக்குக் கிருஷிபவனை, அதாவது உள்ளூர் வேளாண் அலுவலகத்தை, மறுபடி கேட்கலாம்.

கடைக்காரரின் நம்பிக்கை மனிதர்கள்மேல். அங்கே காத்திருப்பதற்கு வட்டி ஓடும். 1959 மார்ச்சில் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் உருட்டத் தொடங்கினார்கள். முதலீடு 80 ரூபாய், அதுவும் கடன். அன்று உருவானவை நான்கு பாக்கெட்டுகள். அதுதான் பிறகு லிஜ்ஜத் ஆனது. நட்டமானாலும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பாரேக் வற்புறுத்தியது கணக்கை. அந்த மாடியில் ஏழு பேரின் துணிவு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் எழுதிவைத்த நோட்டு.

குடும்பஸ்ரீயின் வலிமையும் அங்கேதான் என்று நினைக்கிறேன். பத்திலிருந்து இருபது பெண்கள் வாரந்தோறும் ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுகிறார்கள். சேமிப்பை எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள். யாருக்குக் கடன், எதற்கு, எப்போது திரும்பும் என்பது அனைவர் முன்னிலையிலும் பேசப்படுகிறது. நம்பிக்கை இங்கே மனத்தில் மட்டும் தங்குவதில்லை, பதிவேட்டிலும் இருக்கிறது. 2021 அக்டோபரில் எர்ணாகுளம் வடக்கில் மாநகராட்சி தொடங்கிய ‘சம்ருத்தி’ உணவகத்தில் 10 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு போட்டவர்கள் இத்தகைய பெண்கள்தான். அந்த விலைக்குப் பின்னால் மானியமும் கொடையாளர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, நாமும் மலிவாகப் போட்டால் கூட்டம் வரும் என்று வீட்டில் இலை விரிப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

பிழை நுழையும் வழி நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒன்றுதான். மாடியில் விளைந்த மிளகாயும் வாசல் மாமரத்துக் காயும் ஊறுகாய்க்கு வருகின்றன. வீட்டுக் கறிவேப்பிலை பொடிக்குப் போகிறது. கையில் காசு செலவாகாததால் அவற்றுக்கு விலை போடுவதில்லை. தன் உழைப்புக்கும் போடுவதில்லை. பாட்டில் விலை குறைவு, சுவை நன்று, ஆர்டர் பெருகுகிறது. மாமரம் ஓயும் மாதத்தில் கலூர்ச் சந்தையில் காய் வாங்கும்போதுதான், ஒவ்வொரு பாட்டிலும் நட்டத்தில் போய்க்கொண்டிருந்தது தெரிகிறது. அதற்குள் வாடிக்கையாளருக்குப் பழைய விலை பழகிவிட்டது. கேரளத்தின் 2019 ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு மூன்றாண்டுகள் மாநில அனுமதிகளுக்கு அலையாமல் தொழில் நடத்த வழி செய்கிறது (உணவுக்கு மத்தியப் பதிவு தனியாக வேண்டும்). அனுமதிக்கு அவகாசம் உண்டு. விலைக்கணக்குக்கு அந்த அவகாசம் இல்லை.

அதற்காகத் தோட்டத்திலும் கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கிலோ வெண்டைக்காயின் அடக்கவிலையைக் கணக்கிட்டவர் அடுத்த பருவத்தில் விதைக்க மாட்டார். பை, மண், உரம், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் சந்தைக் காய்தான் மலிவு. மாடித் தோட்டம் தருவது பயமில்லாத ஒரு குழம்பு, பக்கத்து வீட்டுக்கு நீட்டும் ஒரு பிடிக் கீரை. அங்கே எண்ணாமல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

பக்தியும் கணக்கும் பகை என்று நம் முன்னோர் நினைத்ததில்லை. மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் குஜராத்திகளுக்குத் தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூசை உண்டு. நம் வீடுகளில் கணக்கின் தலையில் பிள்ளையார் சுழி. களத்தில் நெல் அளந்தால் முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று சொல்லித்தான் இரண்டுக்குப் போவார்கள். கும்பிட்ட கையே அளந்தது.

இரண்டு காலக்கணக்கும் சந்திப்பது ஓணத்தில். ‘ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி’ என்று வேளாண்துறை ஆண்டுதோறும் விதை கொடுக்கிறது. சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், பறிக்க வேண்டுமென்றால் ஜூனில் நாற்றுவிட்டு, கர்க்கடக மழையில் அதற்குக் கூரை போட்டுக் காக்க வேண்டும். சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் செய்பவருக்கும் அதுதான் ஆண்டின் பெரிய விற்பனை. ஓணம் நெருங்க நெருங்க நேந்திரம் விலை ஏறும், கூடவே தேங்காயெண்ணெயும் ஏறும். கடனை எப்போது வாங்குவது, வாழைத்தாருக்கு எப்போது விலை பேசுவது, முன்பணம் யாரிடம் கேட்பது என்று அயல்கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டிய மாதமும் ஜூன்தான். மாடியில் விதை போடுகிற அதே வாரத்தில் அந்தப் பேச்சையும் தொடங்கிவிட வேண்டும்.