இந்தியாவில் பலகை விளையாட்டு விழாக்கள்

இந்தியாவில் பலகை விளையாட்டு விழாக்கள் என்பவை, கட்டங்களோ குழிகளோ கொண்ட பலகையில் காய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்களுக்காகப் பலர் ஓரிடத்தில் கூடும் நிகழ்வுகள் ஆகும். இவற்றை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்: கூட்டமைப்புகள் நடத்தும் போட்டிகள், மரபு விளையாட்டுக்களின் கண்காட்சிகள், புதிய விளையாட்டுக்களை அமர்ந்து ஆடிப் பார்ப்பதற்கான கூடல்கள். இவற்றுள் முதல் வகையே பழைமையானதும் பெரியதும் ஆகும். சதுரங்கம், கேரம் ஆகிய இரண்டும் எழுதப்பட்ட பொது விதிகளையும் நாடு தழுவிய கூட்டமைப்பையும் பெற்றதால் பன்னாட்டு அரங்குக்குச் சென்றன. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் முதலியன பரவலாக அறியப்பட்டவையாக இருந்தும் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டன.

பின்னணி

இந்தியாவில் பலகை விளையாட்டுக்கள் மிகப் பழைமையானவை. சிவகங்கை மாவட்டத்தின் கீழடி அகழாய்வில் பகடைகளும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. தமிழகக் கோயில்கள் பலவற்றின் தரைக் கற்களில் ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் பச்சீசி ஆட்டத்துக்கான பெரிய பலகை கல்லில் அமைந்துள்ளது.

விழாவுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவும் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் பரமபதமும் சொக்கட்டானும் ஆடுவது தமிழகத்தில் வழக்கம். பாம்புகளையும் ஏணிகளையும் கொண்ட பரமபதத்தை ஒத்த இந்திய ஆட்டமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, சிறுவர் விளையாட்டாக உலகெங்கும் பரவியது. திருவாரூர் மாவட்டம் பூவனூரில் உள்ள சதுரங்க வல்லபநாதர் கோயிலின் தலவரலாறு, சிவபெருமான் அரசகுமாரியுடன் சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகக் கூறுகிறது.

மேலை நாடுகளில் இவ்வகைக் கூடல்கள் வேறு வழியில் வளர்ந்தன. ஐக்கிய அமெரிக்காவின் ஜென் கான் 1968இலும், செருமனியின் எசன் நகரில் நடைபெறும் இசுப்பீல் 1983இலும் தொடங்கின. வெளியீட்டாளர்கள் புதிய விளையாட்டுக்களை அறிமுகப்படுத்துவதும், வருவோர் அவற்றை ஆடிப் பார்த்து வாங்குவதும் அங்கு முதன்மையானவை. இந்தியாவிலோ வெற்றி, தரவரிசை, பட்டம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட போட்டியே விழாவாக அமைந்தது.

சதுரங்கம்

அனைத்திந்திய சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் தொடங்கப்பட்டது. முதலாவது தேசியப் போட்டி 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் நடைபெற்றது. 1961இல் இந்தியாவின் முதலாவது பன்னாட்டு மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கு ஆடிப் பழகியவர்களுள் ஒருவரான விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டர் ஆனார்.

கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற 2500 தரப்புள்ளிகளை எட்டுவதுடன், தகுதி ஆட்டத் தொடர்களில் மூன்று முறை தேர்ச்சி நிலையை அடைதல் வேண்டும். அத்தகைய தொடரில் பிற நாட்டினரும் பட்டம் பெற்றோரும் எதிராளிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகையால் உள்நாட்டில் தகுதித் தொடர்கள் அரிதாக இருந்த காலத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குச் செல்ல நேர்ந்தது. அதற்கான செலவைத் தாங்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே பட்டம் எட்டும் தொலைவில் இருந்தது எனலாம். தில்லி முதலிய நகரங்களில் வெளிநாட்டு கிராண்ட் மாஸ்டர்கள் பங்கேற்கும் திறந்தநிலைத் தொடர்கள் ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கிய பின் இந்நிலை மாறியது. சென்னையைச் சேர்ந்த தொ. குகேசு 2019 சனவரியில் தில்லி பன்னாட்டுத் திறந்தநிலைத் தொடரில் தம் இறுதித் தேர்ச்சியை எட்டி, 12 வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024 திசம்பரில் சிங்கப்பூரில் அவர் உலக வாகையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 18.

2013 நவம்பரில் ஆனந்துக்கும் நோர்வேயின் மாக்னசு கார்ல்சனுக்கும் இடையிலான உலக வாகையர் போட்டி சென்னையில் நடைபெற்றது. அதில் கார்ல்சன் 6.5 - 3.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார். கொல்கத்தாவில் 2018 முதல் டாட்டா இசுட்டீல் விரைவுச் சதுரங்கத் தொடரும், சென்னையில் 2023 முதல் சென்னை கிராண்ட் மாஸ்டர்சு தொடரும் நடைபெற்று வருகின்றன. 2025இல் உலகக் கோப்பைப் போட்டி கோவாவில் நடைபெற்றது.

44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு

இந்தியாவில் நடைபெற்ற பலகை விளையாட்டு விழாக்களுள் மிகப் பெரியது, 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை சென்னையிலும் மாமல்லபுரத்திலும் நிகழ்ந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு ஆகும். உருசியாவில் நடைபெறவிருந்த இப்போட்டி, உக்ரைன் போரைத் தொடர்ந்து இடம் மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் சென்னைக்கு வழங்கப்பட்டது. முன்னேற்பாட்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களே இருந்தன.

பொதுப் பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் பங்கேற்றன. பதினொரு சுற்றுக்கள் கொண்ட இப்போட்டியில் பொதுப் பிரிவில் உசுபெக்கிசுத்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. இந்தியாவின் இரண்டாம் அணி பொதுப் பிரிவிலும், முதல் அணி மகளிர் பிரிவிலும் வெண்கலம் பெற்றன. வேட்டி சட்டை அணிந்த 'தம்பி' என்னும் குதிரை இதன் சின்னமாக இருந்தது. சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. ஒலிம்பியாடு சுடரோட்டம் முதன்முறையாக இப்போட்டிக்கே நடத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஒலிம்பியாடான 2024 புடாபெசுட்டுப் போட்டியில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது.

சென்னையின் மேற்குப் புறநகர்

சதுரங்கத்தில் சென்னையின் மேற்குப் புறநகருக்குத் தனி இடம் உண்டு. ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த பருத்திப்பட்டுக்குக் கிழக்கே அமைந்துள்ள மேல் அயனம்பாக்கத்தின் வேலம்மாள் பள்ளியில் குகேசு பயின்றார். கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற உடன்பிறப்புகளான இர. பிரக்ஞானந்தாவும் இர. வைசாலியும் பாடியில் வளர்ந்தவர்கள். ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011இல் அறிவித்தது. பள்ளி அரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் வார இறுதிகளில் நடைபெறும் வயதுப் பிரிவுப் போட்டிகளே இளம் ஆட்டக்காரர்களின் முதற்படியாகும்.

கேரம்

அனைத்திந்திய கேரம் கூட்டமைப்பு 1956இலும், பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையிலும் நிறுவப்பட்டன. தெருக்களிலும் மன்றங்களிலும் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என எண்ணி ஆடும் முறை பரவலாக உள்ளது. போட்டி விதியிலோ ஒருவருக்குக் கறுப்பும் மற்றவருக்கு வெள்ளையும் ஒதுக்கப்படும். 25 புள்ளிகள் அல்லது எட்டுப் பலகைகள் கொண்டது ஓர் ஆட்டம். இவ்வொருமைப்பாடே இந்தியர்களும் இலங்கையரும் ஐரோப்பியரும் ஒரே பலகையில் ஆட வழிவகுத்தது.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்று, 1996இல் அருச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் உலக வாகையர் ஆனார். 2024இல் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

மரபு விளையாட்டுக்களும் புதிய கூடல்களும்

மைசூரில் ராம்சன்சு கலா பிரதிட்டானம் 'கிரீடா கௌசல்யா' என்ற பெயரில் மரபுப் பலகை விளையாட்டுக் கண்காட்சிகளை நடத்தியுள்ளது. சென்னையில் 2002இல் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா நிறுவனம் மரபு விளையாட்டுக்களை மீண்டும் உருவாக்கி விற்பதுடன் பயிலரங்குகளும் நடத்துகிறது. மும்பையின் மீப்பிள்கான் போன்ற கூடல்கள் மேலை நாட்டு முறையைப் பின்பற்றித் தோன்றியவை.

மரபு விளையாட்டுக்களுக்குப் போட்டி நடத்துவதில் உள்ள முதன்மையான சிக்கல் விதிகளின் பன்மையே. பல்லாங்குழியில் 14 குழிகள் என்பது பொதுவாயினும், குழிக்கு ஐந்து, ஆறு, பன்னிரண்டு எனக் காய்களின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். தாயம் சில ஊர்களில் 25 கட்டங்களிலும் சில ஊர்களில் 49 கட்டங்களிலும் ஆடப்படுகிறது. எதிராளியின் காயை வெட்டாமல் உட்கட்டத்தில் நுழையலாமா என்பதிலும் வேறுபாடு உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு என்ற முறை பெருவழக்காக இருந்தாலும் வேறு எண்ணிக்கைகளும் உள்ளன.

ஒரே விதியைத் தேர்ந்தெடுத்தால் நாடு தழுவிய போட்டி இயலும். ஆனால் ஏனைய ஊர் வழக்குகள் மறையக்கூடும். விதிகளை அப்படியே விட்டால் அவை தெரிந்த முதியோருடன் நின்றுவிடவும் கூடும். பெரும்பாலான ஊர் வழக்குகள் எழுதிவைக்கப்படாதவை ஆதலால், போட்டி விதியை வகுக்கும் முன் ஒவ்வோர் ஊரின் ஆட்டமுறையையும் ஆவணப்படுத்துதல் இன்றியமையாதது ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

சதுரங்கம்
கேரம்
பல்லாங்குழி
தாயம்
ஆடுபுலி ஆட்டம்