தமிழ்ப் படம் 2: நாயகனைக் கேலி செய்யும் மரபும் அதன் எல்லையும்

தமிழ்ப் படம் 2 என்பது 2018-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படம். சி. எஸ். அமுதன் இயக்கி, சிவா நாயகனாக நடித்த இப்படம், 2010 ஜனவரியில் வெளிவந்த தமிழ்ப் படம் என்னும் பகடிப் படத்தின் இரண்டாம் பாகமாகும். நூறு பேரை ஒரே ஆளாக அடித்து வீழ்த்துபவன், ஒரே பாட்டில் கோடீசுவரன் ஆகிறவன், குண்டு துளைத்தாலும் வசனம் பேசி முடிக்காமல் சாகாதவன் என்று தமிழ்த் திரை வளர்த்தெடுத்த நாயகனையே இவ்விரு படங்களும் கேலிப் பொருளாக்கின. மேலைநாட்டு சூப்பர் ஹீரோ முகமூடி அணிந்து பறக்கிறான். தமிழ் நாயகன் முகமூடியின்றி, வேட்டியிலும் காக்கிச் சட்டையிலும் அதே வேலையைச் செய்கிறான்.

இவ்வகைக் கேலி புதிய தலைமுறையின் கண்டுபிடிப்பு என்றும், ஆங்கிலப் படங்களைப் பார்த்து வந்தது என்றும் பலர் கருதுகின்றனர். தமிழ் மேடையின் வரலாற்றைப் பார்த்தால் அது சரியன்று என்பது தெரியும். இப்படத்தின் முன்னோர்கள் யார், அவர்கள் எதைக் கேலி செய்தார்கள், இப்படம் எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாயகன் முதல்வரான மண்

இந்த ஆய்வை அருப்புக்கோட்டையில் தொடங்குவது பொருத்தம். 1977 சட்டமன்றத் தேர்தலில் எம். ஜி. இராமச்சந்திரன் அருப்புக்கோட்டைத் தொகுதியில் போட்டியிட்டு வென்று, அவ்வாண்டு ஜூன் 30 அன்று தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார். திரைப்பட நாயகன் ஒருவர் முதலமைச்சரானது இந்தியாவில் அதுவே முதல் முறை. திரையில் குடிக்காத, புகைக்காத, ஏழைக்காக அடிவாங்கித் திருப்பி அடிக்கிற நாயகனை, வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே தமிழ்நாட்டில் நாயகனைக் கேலி செய்வது வெறும் சினிமா விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. இங்கே திரை நாயகனின் பிம்பம் வாக்குச் சாவடி வரை செல்லக்கூடியது. அமெரிக்காவில் ஒரு சூப்பர் ஹீரோவைப் பார்த்துச் சிரிப்பவர் ஒரு கற்பனைப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். தமிழ்நாட்டில் அப்படிச் சிரிப்பவர், நாளை ஆட்சிக்கு வரக்கூடிய ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பபூன்: மேடையிலேயே இருந்த கேலிக்காரன்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்கள் உள்ளிட்ட தென்மாவட்டங்களில், அறுவடை முடிந்து வரும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் கோயில் திருவிழாக் காலம். அத்திருவிழாக்களில் விடிய விடிய நடப்பது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா முதலிய நாடகங்களே பெரும்பாலும் மேடையேறுகின்றன. இதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார். ஒத்திகை கிடையாது. நடிகர்கள் அன்றிரவு மேடைக்கு வந்த பிறகே ஒன்று சேர்கிறார்கள்.

இந்நாடகத்தில் முருகனோ அர்ச்சுனனோ வருவதற்கு முன்பே பபூன் வந்துவிடுகிறார். அவர் பார்வையாளரை நேரே பார்த்துப் பேசுகிறார். ஊர்ப் பெரியவரைச் சீண்டுகிறார், ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுக்கிறார், தான் நடிகன் என்பதையே நகைச்சுவையாக்குகிறார். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இதே பணியைக் கட்டியங்காரன் செய்கிறான். அரசன் வருகையை அறிவிப்பவனும் அவனே, அந்த அரசனை 'யாரய்யா நீ' என்று கேட்பவனும் அவனே.

கதைக்குள் இருந்துகொண்டே கதையைவிட்டு வெளியேறிப் பார்வையாளரிடம் பேசுவதை இன்றைய விமர்சகர்கள் நவீன உத்தியாகப் பாராட்டுகின்றனர். நம் ஊர்ப் பொட்டலில் அது பல தலைமுறைகளாக நடந்து வருகிறது.

கிந்தனாரும் கீமாயணமும்

மேடைக் கேலியைச் சமூகக் கேள்வியாக மாற்றியவர்களில் முதன்மையானவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957). கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை எதிரொலித்து அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபம், 1949-இல் வெளிவந்த நல்லதம்பி படத்திலும் இடம்பெற்றது. உடுமலை நாராயணகவி எழுதிய இதில், நந்தன் தில்லைக்குப் போக ஏங்கியதைப் போலக் கிந்தன் படிப்புக்காகச் சென்னைக்குப் போக ஏங்குகிறான். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பக்தி இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார் கலைவாணர். சிரித்து முடித்த பார்வையாளருக்குச் சாதி பற்றிய ஒரு கேள்வி மிஞ்சியது.

எம். ஆர். ராதா (1907–1979) இன்னும் கடுமையாகச் சென்றார். இராமாயணத்தைப் பகடி செய்த அவருடைய நாடகம் கீமாயணம் என்ற பெயரால் அறியப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் சூழலில் 1954-இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறியது. அதன்படி நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளிக்கும் வரை அவை நடைமுறையில் இருந்தன. ஒரு நகைச்சுவைக்கு எதிராகச் சட்டமே இயற்றப்பட்டது என்றால், அந்த நகைச்சுவை எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வந்தவர் சோ ராமசாமி. 1968-இல் மேடையேறி, 1971-இல் திரைப்படமான முகமது பின் துக்ளக்கில், கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லும் ஒருவன் இந்தியாவின் பிரதமராகிறான். தலைவனைத் துதிக்கும் கூட்டமே இங்குக் கேலிக்குள்ளாகிறது.

சிவகாசி வழியே வந்த சூப்பர் ஹீரோ

மேலைநாட்டு சூப்பர் ஹீரோ தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்த பாதையும் இதே வட்டாரத்தின் வழியாகவே செல்கிறது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் இப்பாத்திரம் பிரிட்டிஷ் சித்திரக்கதையிலிருந்து தமிழுக்கு வந்தது.

1984-இல் அதே சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடர் என்னும் பாத்திரத்தைப் பிரபலமாக்கியது. ஸ்பைடர் முதலில் குற்றவாளிகளின் அரசனாக விரும்பியவன், பிறகு குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்பியவன். தற்பெருமை அவனுடைய தனி அடையாளம். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இவனுடைய கதைகள் பலவற்றை எழுதினார். ஆக, நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாத, தன்னையே புகழ்ந்துகொள்ளும் சூப்பர் ஹீரோவைத் தமிழ்ச் சிறுவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

லொள்ளு சபாவிலிருந்து சினிமாபட்டிக்கு

2000-க்குப் பின் பகடி தொலைக்காட்சிக்கு வந்தது. விஜய் தொலைக்காட்சியின் லொள்ளு சபா, புகழ்பெற்ற படங்களை வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டு கேலி செய்தது. சந்தானம் அங்கிருந்து திரைக்குச் சென்றார். 2006 ஜூலையில் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு நடித்த இம்சை அரசன் 23ம் புலிகேசி, அரச கதைப் படங்களின் இரட்டை வேட மரபைத் தலைகீழாக்கியது. அதற்கும் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது, ஆனால் முடிவடையவில்லை.

2010-இன் தமிழ்ப் படம் இந்த வரிசையில் வந்ததே. அதன் தொடக்கமே துணிச்சலானது. பெண் சிசுக்கொலையைப் பேசிய கருத்தம்மா (1994) படத்தை நினைவூட்டும் வகையில், சினிமாபட்டி என்ற ஊரில் ஆண் குழந்தைகள் கொல்லப்படுகின்றன. வளர்ந்தால் சென்னைக்குப் போய்ச் சினிமா நாயகர்களாகிவிடுவார்கள் என்பதே காரணம். தப்பிப் பிழைக்கும் குழந்தை சென்னை சேர்ந்து நாயகனாகிறது. நாயகனைத் தூக்கி வளர்க்கும் பாட்டியாகப் பரவை முனியம்மா நடித்தார். மர்ம வில்லன் 'டி' யார் என்று தேடிப் போனால் அந்தப் பாட்டியே நிற்கிறார். தாய்ப்பாசம், குடும்பப் பாட்டு, ஒரே பாட்டில் செல்வந்தராதல் என்று அடுத்தடுத்து வரும் காட்சிகளில், பார்வையாளர் தாம் முன்பு கண்ணீர்விட்ட இடங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

சிவாவின் தேர்வும் முக்கியமானது. முறுக்கேறிய உடலோ இடிமுழக்கக் குரலோ அவரிடம் இல்லை. எது நடந்தாலும் மாறாத முகத்துடன், பக்கத்து வீட்டுப் பையனைப் போல அவர் பறந்து அடிக்கும்போது, நாயகத்தன்மை என்பது உடலில் இல்லை, ஒளிப்பதிவிலும் பின்னணி இசையிலும் இருக்கிறது என்பது பட்டவர்த்தனமாகிறது.

இரண்டாம் பாகம் வந்த காலம்

இரண்டாம் பாகத்தின் சிறப்பு அது வந்த நேரத்தில் உள்ளது. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் அவருடைய நினைவிடத்தின் முன் அமர்ந்து தியானம் செய்தார். 2017 டிசம்பர் 31 அன்று ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். 2018 பிப்ரவரி 21 அன்று கமல்ஹாசன் மதுரையில் தம் கட்சியைத் தொடங்கினார். நாயகர்கள் மீண்டும் கோட்டையை நோக்கி நடந்த அந்த ஆண்டின் நடுவில்தான் தமிழ்ப் படம் 2 திரைக்கு வந்தது.

அதனால் முதல் பாகத்தைவிட இது அரசியலை நேரடியாகத் தொட்டது. மெரினா தியானத்தை நினைவூட்டும் படம் அதன் விளம்பரத்திலேயே இருந்தது. சதீஷ் நடித்த வில்லன் 'பி' பல வேடங்களில் தோன்றுகிறார். இது பல வேடப் படங்களின் மீதான கேலி. பெரிய நாயகர்களின் அண்மைப் படச் சுவரொட்டிகள், அறிமுகக் காட்சிகள், பஞ்ச் வசனங்கள் ஆகியவையும் தப்பவில்லை.

ஆனால் ஒரு படமாக இது முதல் பாகத்தின் கட்டுக்கோப்பை எட்டவில்லை. முதல் படம் ஒரு நாயகன் எப்படி உருவாகிறான் என்ற ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது படம் குறிப்புகளின் தொகுப்பாக மாறிவிடுகிறது. எந்தப் படத்தைக் குறிக்கிறது என்று அடையாளம் கண்டு மகிழ்வதே பார்வையாளரின் வேலையாகிறது. மூலப்படத்தைப் பார்க்காதவருக்குப் பல இடங்களில் சிரிப்பு வராது. வள்ளி திருமணத்தின் பபூன் வள்ளியையும் முருகனையும் நம்பிக் கேலி செய்கிறார், அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கடந்த ஆண்டின் சுவரொட்டியை நம்பிய கேலிக்கு ஆயுள் குறைவு.

டெட்பூலுடன் ஓர் ஒப்பீடு

தமிழ்ப் படம் 2-க்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2018 மே மாதத்தில், டேவிட் லீட்ச் இயக்கிய டெட்பூல் 2 வெளிவந்தது. 1991-இல் மார்வெல் சித்திரக்கதையில் தோன்றிய டெட்பூல், தான் ஒரு கதாபாத்திரம் என்பதை அறிந்தவன். ரயன் ரெனால்ட்ஸ் நடிப்பில் அவன் பார்வையாளரிடம் பேசுகிறான், தன் தயாரிப்பு நிறுவனத்தையே கிண்டல் செய்கிறான். இவ்விரு இரண்டாம் பாகங்களும் ஒன்றையொன்று பார்த்து எடுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு.

டெட்பூல் 2-இன் தொடக்கத்தில் நாயகனின் காதலி வனெசா கொல்லப்படுகிறாள். தமிழ்ப் படம் 2-இன் தொடக்கத்தில் நாயகனின் மனைவி கொல்லப்படுகிறாள். இரண்டு இழப்புகளும் நாயகன் கிளம்புவதற்கான காரணங்கள் மட்டுமே. ஆணைப் பழிவாங்க அனுப்புவதற்காகப் பெண்ணைக் கொல்லும் இந்தப் பழக்கத்தை அமெரிக்கச் சித்திரக்கதை எழுத்தாளர் கெய்ல் சிமோன் 1999-இலேயே பட்டியலிட்டுக் கண்டித்தார். தமிழ் போலீஸ் படங்களிலும் இது சலித்துப்போன வாய்பாடு. தமிழ்ப் படம் 2 அதைக் கிண்டலாகவே செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் கிண்டலுக்குப் பிறகும் கதை அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. எல்லா வாய்பாடுகளையும் கவிழ்த்துப் பார்த்த படம், இந்த ஒன்றைக் கவிழ்க்காமல் பயன்படுத்திக்கொள்கிறது.

இது மேடை மரபுக்கும் பொருந்தும். ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் நடனக்காரியும் சேர்ந்து வரும் காட்சியில், பபூனுடைய கேலியின் பெரும்பகுதி அந்தப் பெண்ணின் மீதே விழுகிறது. தலைவரையும் தெய்வத்தையும் கேட்கத் துணிந்த நாக்கு, பக்கத்தில் நிற்கும் சக நடிகையிடம் வரும்போது ஊரின் பழைய மதிப்பீடுகளையே திருப்பிச் சொல்கிறது.

முடிவுரை

பகடியை அளக்க ஒரு கேள்வி போதும்: இந்தச் சிரிப்பு யார் பக்கம் நின்று, யாரை நோக்கிச் செல்கிறது? கிந்தனார், கல்வி மறுக்கப்பட்டவன் பக்கம் நின்று மறுத்தவர்களை நோக்கிச் சென்றது. துக்ளக், துதிபாடும் கூட்டத்தை நோக்கிச் சென்றது. தமிழ்ப் படம் 2, நாயகர்கள் நாற்காலி தேடிய ஓர் ஆண்டில், அந்த நாயக பிம்பம் ஒப்பனையும் இசையும் சேர்ந்து செய்த பொருள் என்று காட்டியது. எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தில் அது சிறு பணியன்று.

அதற்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. ரஜினிகாந்த் 2020 டிசம்பரில் பின்வாங்கினார், 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி தொடங்கினார். நாயகர்கள் வரும்வரை பபூனுக்கும் வேலை இருக்கும். அடுத்து வரும் பபூன், மேடையில் தன் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பாரானால், கலைவாணர் தொடங்கிய வேலை இன்னும் ஒரு படி முன்னே செல்லும்.