கைமணம்: யாருடைய கை?

கூட்டம் முடிந்து திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்ட நண்பர் ஒருவர் முதல் வாயிலேயே கேட்டார்: "பாக்கெட் விழுதுதானே? அம்மியில அரைச்ச பூண்டு வாசம் இதுல எங்க வரும்?" அன்று மாலை நுகர்வுக் கலாச்சாரம் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் அவர். அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. நானும் சும்மாதான் இருந்தேன். அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

சமையலைப் பாராட்ட நாம் வைத்திருக்கும் சொல் 'கைமணம்'. ஆனால் பூண்டு உரித்த விரலில் தங்குவது மணமல்ல, நாற்றம். அந்த நாற்றம் சாதியின் வரலாறும்கூட. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டையும் வெங்காயத்தையும் இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇந்தியா வந்த சீனத் துறவி பாஹியான், மத்திய தேசத்தில் சண்டாளர் தவிர யாரும் பூண்டு தின்பதில்லை என்று எழுதினார். 1890இல் மத்திய ஆசியாவின் கூச்சாவில் கிடைத்த பவர் சுவடி இன்னும் வெளிப்படையானது. அசுரனின் ரத்தத்தில் முளைத்தது என்பதால் பூண்டு பிராமணருக்கு ஆகாது. மருந்துக்கு வேண்டுமென்றால்? பசுவுக்குப் பூண்டைக் கொடுத்து அதன் பாலைக் குடிக்கலாம். பயன் நமக்கு, நாற்றத்தைச் சுமக்க நடுவில் வேறொரு உடல்.

அருணாசலேஸ்வரர் கோயில் மடைப்பள்ளியில் பூண்டுக்கு இடமில்லை. மதிலுக்கு வெளியே, கறி ஆக்கும் வீடுகளிலோ கதை தலைகீழ்: பூண்டு நாறாத கை சோம்பேறிக் கை. இரண்டு இடத்திலும் தீர்ப்பு சொல்வது உரிக்கும் கை அல்ல.

அம்மியிலிருந்து பெண்களை எழுப்பியதில் மிக்ஸிக்குப் பெரும் பங்குண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது 'இலவசத்தால் நாடு கெடுது' என்றவர்களில் எத்தனை பேர் அம்மி முன் உட்கார்ந்தவர்கள்? ஆனால் மிக்ஸி அரைக்குமே தவிர உரிக்காது. நகக்கண்ணில் எரியும் அந்த வேலை அப்படியே மிச்சமிருந்தது. பாக்கெட் நுழைந்தது அந்த மிச்சத்துக்குள்தான்.

நண்பரின் நாக்கு பொய் சொல்லவில்லை. பூண்டுப் பல் முழுசாக இருக்கும்வரை அதற்கு அந்தக் காரவாசம் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் பிறக்கிறது. 1944இல் கவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த பொருள் இது. நிலையற்றது, நாளாக ஆகச் சிதையும். பாக்கெட் விழுதின் புளிப்புக்கும் காரணம் உண்டு. 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டுவைத்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் பாட்டுலிசம் என்ற நச்சுநோய்க்கு ஆளானார்கள். காற்றில்லாமல், புளிப்பில்லாமல் அடைபட்ட பூண்டில் அந்தக் கிருமி வளரும். எனவே அடைத்து விற்கும் விழுதில் உப்பும் அமிலமும் சேர்க்கிறார்கள்.

ருசி குறைகிறது, சரி. ஆனால் குறைந்த ருசியைக் கணக்கெடுக்கும் நாம், மிச்சமான அரைமணி நேரத்தை ஏன் கணக்கில் வைப்பதில்லை? 'அசல்', 'பாரம்பரியம்' என்ற கதையாடலெல்லாம் கடைசியில் ஒரு பெண்ணின் விரல்நுனியில் போய் நிற்கிறது.

அதற்காகச் சந்தையை விடுதலை என்று கொண்டாடவும் முடியாது. டாபர் நிறுவனம் தன் இஞ்சி பூண்டு விழுதுக்கு வைத்த பெயர் 'ஹோம்மேட்'. ஆலையில் செய்ததை வீட்டில் செய்ததாக விற்கிறார்கள். வீட்டில் உண்மையில் செய்தவளுக்கு ஒருநாளும் கூலி கிடையாது. உரிக்கும் வேலையும் மறைந்துவிடவில்லை. ஆலைகளில் எந்திரம் உரிக்கிறது என்றால், கடைத்தெருவில் விற்கும் உரித்த பூண்டுக்குப் பின்னால் இன்றும் கிலோக் கணக்கில் கூலிக்கு உரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பவர் சுவடியின் பசு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி பாக்கெட்டா அம்மியா என்பதல்ல. யார் உரிப்பது, எந்தக் கூலிக்கு என்பதே. நண்பர் அடுத்தமுறை வரும்போது அரைக்கிலோ பூண்டை முறத்தில் கொட்டி நடுக்கூடத்தில் வைப்பதாக இருக்கிறேன். விவாதம் தொடரட்டும். இருவரும் உரித்துக்கொண்டே பேசுவோம்.