விண்கல்லும் உயிரின் தோற்றமும்: பாஸ்பரஸ் தரும் சான்று

முக்கூடலில் தாமிரபரணிப் படுகையில் தலைநீட்டும் பாறைகளிடம் உயிரின் தொடக்கத்தைத் தேடிப் பயனில்லை. தென்தமிழகத்தின் நைஸ், சார்னோக்கைட் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறியவை. கரிம மூலக்கூறு எதுவும் அதில் தப்பியிராது. உயிரின் தடயங்களோ 350 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலேயே கிடைக்கின்றன. அதற்கும் முந்தைய வேதியியலுக்கு விண்கல்லையே நாட வேண்டும். 1857 பிப்ரவரி 28 அன்று, முக்கூடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னாலி விண்கல்லின் காண்ட்ரூல் மணிகள் சூரியக் குடும்பம் உருவான காலத்தவை.

ஆனால் பர்னாலி கரிமம் செறிந்த வகையன்று. அந்த வகைக்குச் சான்று, 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல். அதிலுள்ள அமினோ அமிலங்கள் மண்ணுலகின் மாசு அல்ல என்று 1970இல் நிறுவிய நாசா குழுவில் இலங்கையரான சிரில் பொன்னம்பெருமா இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பிறகு வேதியியலுக்கு வந்தவர் அவர்.

விண்ணிலிருந்து உயிரே வந்தது என்போரும் உண்டு. 2001இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழையைச் சிலர் அதற்குச் சான்றாக்கினர். ஆய்ந்தபோது அது டிரென்டெபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று தெரிந்தது. உயிரையும் அதன் மூலப்பொருளையும் குழப்பிக்கொள்வது இத்துறைக்குப் பெருங்கேடு.

மூலப்பொருளிலும் அமினோ அமிலத்துக்கு நாம் அளவுக்கு மீறிய இடம் தருகிறோம். அது பூமியிலேயே உருவாகக்கூடும் என்பதை 1953இல் ஸ்டான்லி மில்லரின் சோதனை காட்டிவிட்டது. உண்மையான முட்டுக்கட்டை பாஸ்பரஸ். ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்புக்கு அது இன்றியமையாதது. பூமியிலோ அது பெரும்பாலும் அபடைட் கனிமத்தில், நீரில் எளிதில் கரையாமல், பூட்டிக் கிடக்கிறது. இரும்பு விண்கற்களில் அது வேறு வடிவில் இருக்கிறது. 1898இல் கண்டெடுக்கப்பட்ட கொடைக்கானல் இரும்புக் கல்லிலும் ஸ்க்ரைபர்சைட் என்னும் பாஸ்பைடு உண்டு. இக்கனிமம் நீரோடு வினைபுரிந்து, எளிதில் வினையில் ஈடுபடும் பாஸ்பரஸ் சேர்மங்களை வெளியிடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. விண்கற்கள் உயிருக்கு உதவின என்பதற்கு என் பார்வையில் வலுவான வாதம் இதுவே. மின்னல் தாக்கிய மண்ணிலும் ஸ்க்ரைபர்சைட் உருவாகும் என்பதால் விண்கல் ஒன்றே வழி என்று சொல்ல இயலாது.

அமினோ அமில வாதத்துக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில், உயிரினங்களின் புரதம் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனது. மர்ச்சிசன் கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலம் இடக்கைப் பக்கம் சாய்ந்திருந்ததால், அந்தச் சாய்வும் விண்ணிலிருந்தே வந்தது என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2025இல் வெளியான பென்னு சிறுகோள் மாதிரிகளின் ஆய்வு அதைத் தளர்த்திவிட்டது: புரதத்துக்குரிய 14 அமினோ அமிலங்களும் ஐந்து நியூக்ளியோ காரங்களும் அங்கிருந்தன, இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

பாஸ்பரஸ் வாதத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடலில் விழும் கல்லின் சரக்கு நீர்த்துப்போகும். தாமிரபரணிப் பாசனக் குளங்களைப்போல் வற்றி வற்றி நிறையும் ஆழமற்ற நீர்நிலைதான் அதைச் செறிவாக்கும். அதற்குக் கடலுக்கு மேல் நிலம் வேண்டும். 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் எவ்வளவு இருந்தது என்பதில் புவியியலாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை.