பூங்காவனத்தில் சொன்ன சொல்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில், மாந்தையைத் தாண்டி விடத்தல்தீவு வருமுன் இருக்கிறது பாப்பாமோட்டை. தவக்காலம் பிறந்துவிட்டால் இந்தக் கரையில் ஒரு வசனம் எங்காவது ஒரு கோயிலில் கேட்கும். பூங்காவனத்தில் இரத்தமாய் வேர்த்துச் செபித்த சேசுநாதர் திரும்பி வருகிறார். விழித்திருக்கச் சொல்லி விட்டுப்போன சீடர் மூவரும் நித்திரை. அவர்களை எழுப்பிச் சொல்கிறார்: உள்ளம் வரத் தயாராய்த்தான் நிற்கிறது, உடம்புக்குத்தான் பலம் போதாது என்று. சேசுநாதரின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ் காட்சி பார்க்க வந்து நடுச்சாமத்தில் கண் சொருகி இருக்கிற சனத்துக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

உலகம் முழுவதும் இயந்திர மொழிபெயர்ப்பைப் பழிக்க எடுக்கப்படுகிற கதையும் இதே வசனத்தைப் பற்றியதுதான். ஆங்கிலத்தில் இருந்த வசனத்தைக் கணினி ரஷ்ய மொழிக்கு மாற்றியதாம். திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது வோட்கா நல்லது, இறைச்சிதான் கெட்டுப்போனது என்று வந்ததாம். எழுபது ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இந்த வசனம் நடந்து வந்த வழியைப் பின்தொடர்ந்து பார்க்கத் தொடங்கியது அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்காமல் போனதால்தான்.

மத்தேயு, மாற்கு இருவரும் அதைக் கிரேக்கத்தில் எழுதிவைத்தார்கள். உள்ளம் என்ற இடத்தில் அங்கே நின்ற, ஆவியைக் குறிக்கும் சொல் காற்றையும் மூச்சையும்கூடக் குறிக்கும். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எரோணிமுஸ் லத்தீனில் ஒழுங்குபடுத்தியபோது ஆவி ‘ஸ்பிரித்துஸ்’ ஆனது, உடல் ‘காரோ’ ஆனது. காரோ என்றால் கடையில் தொங்கும் இறைச்சியும்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சொல்லோடு வசனம் நடந்தது. கேட்டவர் எவரும் இறைச்சி என்று விளங்கிக்கொள்ளவில்லை. நித்திரை கொள்ளும் மூவர் வசனத்தோடு கூடவே போனார்கள். அவர்களைப் பார்த்தவனுக்கு வேறு பொருள் எடுக்க வழியில்லை.

மன்னாருக்கு அது போர்த்துக்கேயரோடு வந்தது. 1544-இல் இங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். பரிசுத்த ஆவிக்கு அன்றைய தமிழ்க் கத்தோலிக்கர் சொன்ன பெயர் ‘இஸ்பிரீத்து சாந்து’. பாதிரிமார் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் துணியாமல் அப்படியே விட்டார்கள். போர்த்துக்கேயரின் ‘எஸ்பிரித்து’ தமிழ் நாக்கில் ‘இஸ்பிரீத்து’ ஆனது.

நாக்கு செய்த இந்த வேலைக்கு மன்னார் நாடகங்களில் இன்னும் பெரிய சாட்சி உண்டு. மாதோட்டத்து நாடகம் ஒன்றின் பெயர் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’. முதல் தடவை கேட்பவர் திகைப்பார். என்றிக்கே என்பது ஒரு பேரரசனின் பெயர், இம்பரதோர் என்பது போர்த்துக்கேய மொழியில் பேரரசன். னகரமும் றகரமும் சேருமிடத்தில் நம் வாயில் ஒரு டகரம் தானாகவே முளைக்கும். கன்று என்று எழுதுகிறோம், கண்டு என்று சொல்லிவிடுகிறோம். ஏட்டிலிருந்து ஏட்டுக்கும், பிறகு கொப்பியிலிருந்து கொப்பிக்கும் போகையில் அந்த டகரம் நிலைத்துவிட்டது. போர்த்துக்கேயன் ஒருவன் எழுந்து வந்து கேட்டால் அந்தப் பெயரை அடையாளம் காணமாட்டான். கூத்து மேடையான களரியில் முடியும் செங்கோலுமாய் அந்த அரசன் வரும்போது எங்கள் சனம் ஒரு கணமும் தடுமாறியதில்லை.

1658-இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. குருமார் துரத்தப்பட்டார்கள். மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் மடுக் காட்டுக்குள் போனதும் அந்தக் காலத்தில்தான். பிறகு 1705-இல் கோவாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கினார் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. அவர் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ பாடுகளின் கதையை ஒன்பது பிரசங்கங்களில் சொல்லும். கற்ற தமிழில், நீட்டி வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது. அதை வாசிக்க வாசிக்க உடக்குகள் எனும் மர உருவங்களைக் கயிற்றாலும் கையாலும் அசைத்துக் காட்சி காட்டினார்கள்; அதுதான் உடக்குப் பாஸ். பேசாலை அதற்குப் பேர்போன இடம். மர உடம்பு குனியும், நிமிரும். குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரும். உடம்புக்குப் பலம் போதாது என்ற வசனத்தை உயிரில்லாத உடம்பொன்று முன்னே நிற்கக் கேட்பதைவிடப் பொருத்தமான நாடக அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் சீர்திருத்தச் சபையார் அதை அச்சில் ஏற்றினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல், கொழும்பில் பிலிப் டி மெல்லோ 1759-இல். பழைய வேதாகமத்தில் உடலுக்கு மாம்சம் என்று நின்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் உடலைக் குறிக்கும் வேறு சொல் வந்தது. மன்னார்ச் சந்தையில் விலை கேட்கிற இறைச்சியை எவரும் அந்த இடத்தில் வைக்கவில்லை.

இனி அந்தக் கதைக்கு வருவோம். 1954 ஜனவரி 7-ஆம் திகதி நியூயோர்க்கில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் மொழிபெயர்க்கும் கணினியை முதன்முதலாகச் சனத்துக்குக் காட்டின. அதற்குத் தெரிந்தவை 250 சொற்கள், ஆறு இலக்கண விதிகள். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு வழியாக மட்டும் போகும். பூங்காவனத்து வசனத்தை அங்கே அனுப்பி இங்கே திருப்பி எடுக்கிற வேலை அதனால் ஆகியிராது. ரஷ்ய மொழியில் ஆவி ‘தூஹ்’, சாராயம் ‘ஸ்பிர்த்’; இரண்டையும் குழப்புவதற்கு அங்கே இடம் குறைவு. இந்த இரண்டு மொழிகளில் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் ஆவியும் சாராயமும் சேர்ந்த பொருள் உண்டு. காய்ச்சும்போது ஆவியாய் எழுந்து வடிவதால் வந்த பெயர். ஆங்கிலம் மட்டும் தெரிந்த எவரோ இட்டுக்கட்டிய கதை இது என்பதே என் முடிவு. இயந்திர மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதிய ஜோன் ஹட்சின்ஸ் 1995-இல் இதைத் தேடிப் பார்த்து, எந்தக் கணினியும் இப்படிச் செய்ததற்குச் சான்றில்லை என்று எழுதினார். இறைச்சி வேடிக்கை 1956-லேயே ஒருவர் பேச்சில் வந்திருக்கிறது. அங்கே அது நடந்த சம்பவமாக அல்ல, இப்படியும் வரக்கூடும் என்று சொன்ன உதாரணமாகத்தான் இருக்கிறது.

பாப்பாமோட்டையில் ஓர் அண்ணாவியாருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கூத்துப் பழக்கியே வயதானவர். பேரனின் போனை வாங்கி, அதே வசனத்தை ஆங்கிலத்தில் கொடுத்துப் பார்த்தோம். தமிழ் சரியாகவே வந்தது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உதுக்கு ஆர் பழக்கினது?”

இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. 2011-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. அப்போது அது இரு மொழிகளிலும் இருக்கிற வாக்கியங்களை எண்ணி எண்ணிப் பொருத்தியது. 2017 முதல் நரம்பு வலைப்பின்னல் முறையில் முழு வாக்கியத்தையும் எடுத்துப் பார்க்கிறது. எந்த முறையானாலும் ஒரே வாக்கியம் இரு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் நன்றாகப் பழகும். எழுத்து குறைந்த மொழிகளுக்கு அப்படிக் கிடைக்கிற புத்தகம் பெரும்பாலும் விவிலியம். அதிகாரமும் வசன எண்ணும் எல்லா மொழியிலும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பொருத்துவது லேசு. நூறு மொழி விவிலியங்களை அப்படி அடுக்கிய தொகுப்பு ஒன்று 2015-இல் வெளியானது. ஆக, எந்த வசனத்தைச் சொல்லிப் பொறியைப் பரிகசித்தார்களோ, அதை இன்று பொறி நன்றாகவே பாடமாக்கி வைத்திருக்கிறது.

அண்ணாவியார் தன் கொப்பியைத் திறந்தார். அதில் ஒரு பக்கத் தலைப்பு: வரவுத் தரு. பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிற பாட்டு. பொது வழக்கில் வரவு என்றால் செலவுக்கு எதிரானது. தரு என்றால் மரம். களரி கேரளத்துச் சண்டைப் பயிற்சிக்கூடம். இந்தப் பொருள்களை மட்டும் கண்டு பழகிய பொறிக்கு எங்கள் அரசன் வருமானமாகவும் மரமாகவும் தெரிந்தால் அதன்மேல் குற்றமில்லை. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ அதற்கு எந்த மொழிச் சொல்லாகவும் தெரியாது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்தன் என்றும் மக்பெத்தை மகபதி என்றும் பம்மல் சம்பந்த முதலியார் மாற்றினார். அவரைப் பார்த்துக் கொழும்பில் மேடையேறினார் கலையரசு சொர்ணலிங்கம். அந்தப் பெயர்களுக்கு எழுதி வைத்த விளக்கம் ஏராளம். மாதோட்டத்து அண்ணாவிமாரின் சொல்லுக்கு அது இல்லை.

முற்றாக இல்லை என்றும் சொல்லமுடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் எண்டிறீக்கு எம்பரதோரை 1964-லும், மூவிராசாக்கள் வாசகப்பாவை 1966-லும், ஞானசவுந்தரியை 1967-லும் பதிப்பித்தார். அவர் அதைச் செய்திராவிட்டால் 2008-இல் போர் ஏ32 வீதியால் வடக்கே போனபோது எல்லாம் முடிந்திருக்கும். சனம் சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு ஓடியது. கொப்பிகளை யார் தூக்குவது? தன் அப்பர் எழுதிய கொப்பிகள் அப்போதுதான் போனதாக அண்ணாவியார் சொன்னார். இப்போது கையிலிருப்பது அகதி முகாமிலிருந்து திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதியது.

அதைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறோம். படமாக எடுத்து வைத்தால் போதாது, பொறி படிக்கக்கூடிய எழுத்தாக வேண்டும்; எதிர்ப் பக்கத்தில் ஆங்கிலமும் வேண்டும் என்று சொன்னேன். அவர் ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பூங்காவனக் காட்சிக்கு வந்தபோது மட்டும் என்னை நிறுத்தினார்.

“வசனத்தை மட்டும் எழுதிப்போட்டு விட்டிடாத தம்பி. மூண்டு பேரும் எந்தப் பக்கம் தலைவைச்சுப் படுத்துக் கிடக்கினம் எண்டதையும் எழுது.”